அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை இயக்குகிறவர்களுக்கும்,

நான் ஓர் உளவியலாளர். சிகிச்சையில் ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்துகிறவள். உங்கள் கதைகளில் என் தொழிலுக்கென்று ஒரு வேடம் நிரந்தரமாக இருக்கிறது. தாடி, கறுப்பு உடை, மை தீட்டிய கண்கள், சங்கிலியில் ஆடும் கடிகாரம். தாடி இல்லாத குறையால் நான் பலமுறை அவமானப்பட்டிருக்கிறேன். முதன்முறை வருகிறவர்கள் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, “ஹிப்னாடிஸ்ட் எப்போது வருவார்?” என்று என்னிடமே கேட்பார்கள். இதையெல்லாம் இதுவரை சிரித்துக் கடந்துவிட்டேன். இந்த முறை முடியவில்லை. ஏனென்றால் இந்த முறை என் பெயரையும் சேர்த்துத் திரையில் போட்டுவிட்டீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தொடரின் கதைக்குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். வில்லன் ஒரு ஹிப்னாடிஸ்ட். கதாநாயகியை வசப்படுத்திச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறான். இது நம்பும்படி இருக்குமா என்று கேட்டார்கள். இருக்காது என்றேன். ஏன் இருக்காது என்று பக்கம் பக்கமாக எழுதியும் கொடுத்தேன். அந்த நிலையில் இருப்பவர் தூங்குவதில்லை, சுற்றி நடப்பதெல்லாம் அவர் காதில் விழுகிறது, மனத்துக்கு ஒவ்வாததைச் சொன்னால் கண்ணைத் திறந்து “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பார், இப்படி. சில நாட்கள் கழித்து அந்தக் குழுவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், நீங்கள் எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் அப்படி எடுத்தால் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிரத் திரையில் வேறு எதுவும் இருக்காதே” என்றார், மிகுந்த மரியாதையோடு. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் கழிந்திருக்கிறது.

தொடர் ஒளிபரப்பானது. கடிகாரம் ஆடியது. எங்கிருந்தோ பச்சை வெளிச்சம் வந்தது. கதாநாயகி இமைக்காமல் கையெழுத்துப் போட்டார். வில்லன் விரலைச் சொடுக்கினான், அவர் எல்லாவற்றையும் மறந்தார். கடைசியில் ‘உளவியல் ஆலோசனை’ என்று என் பெயர் ஓடியது. போடலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் வரவேண்டியவர்களில் சிலர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் காவலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. ஊசியைக் கண்டாலே தலைசுற்றி விழுகிற பெண். அவசியமான இரத்தப் பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். அண்ணனை அழைத்து வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் கைப்பை, தொலைபேசி, விரலில் இருந்த மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி அண்ணனிடம் ஒப்படைத்தார். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னை ஒரு கணமும் விடாமல் பார்க்கத் தொடங்கினார். நான் ஆட்சேபிக்கவில்லை. துணைக்கு ஒருவர் இருப்பது நல்லதுதான். மூச்சைக் கவனியுங்கள், இமைகள் கனப்பதைக் கவனியுங்கள் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை ஒரு கண்ணைப் பாதி திறந்து என் கைகளை வேவு பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனோ போயே போய்விட்டார். தலை மார்பில் சாய்ந்து, கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து, மோதிரம் மடியில் கிடந்தது. ஒரே இடத்தில் கவனத்தைக் குவித்து, என் குரலை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். வேறென்ன நடக்கும்? தங்கை அண்ணனைப் பார்த்துச் சிரித்தார், நிறுத்த முடியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவரால் கண்ணை மூட முடிந்தது. மோதிரத்தை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார் என்பதையும் பதிவுசெய்துவிடுகிறேன்.

இந்த அண்ணனை மறந்துவிடாதீர்கள். இந்த மடலில் அவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். இந்தத் துறைக்கு இன்றைய பெயரைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் பிரெய்ட் என்கிற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். 1843ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தன் செய்முறையை விளக்கமாக எழுதிவைத்திருக்கிறார். பளபளப்பான ஒரு பொருளை, அவர் பயன்படுத்தியது அறுவைக் கத்தி வைக்கும் உறை, கண்ணிலிருந்து எட்டு முதல் பதினைந்து அங்குல தூரத்தில், நெற்றிக்கு மேலே, கண்கள் சிரமப்பட்டு அண்ணாந்து பார்க்கும்படி பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்கிறார், ஆட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆடினால் பார்வை எப்படி நிலைக்கும்?

ஆடுகிற ஊசல் ஒன்று எங்களிடமும் இருக்கிறது. ஆனால் அது உங்கள் கதையைத் தலைகீழாக்கிவிடும். மிஷேல் செவ்ரல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1833இல் அதைப் பற்றி எழுதினார். நூலில் கட்டிய குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அது ஆடுவதாக நினைத்தாலே போதும், விரல்களின் தசைகள் நாம் அறியாமல் அசைந்து அதை ஆட்டிவிடும். இன்றும் என் மேசை இழுப்பறையில் அப்படி ஒன்று கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வது சிகிச்சைக்கு வந்தவர், நான் அல்ல. ஆட்டுவதும் அவர்தான். தன் கையா இதைச் செய்கிறது என்று அவர் கண்கள் விரியும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். சக்தி யாரிடம் இருக்கிறது என்பதை அதைவிட எளிமையாக விளக்க எனக்குத் தெரியாது. நீங்கள் செய்ததெல்லாம் அந்த நூலை அவர் கையிலிருந்து பிடுங்கி வில்லன் கையில் கொடுத்ததுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மெஸ்மர் என்ற மருத்துவர் நோயைக் குணமாக்குவதாகச் சொன்ன காந்த சக்தியை ஆராய்வதற்காக 1784இல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே போன்ற அறிவியலாளர்கள் அதில் இருந்தார்கள். கண்ணைக் கட்டிச் சோதித்தார்கள். காந்த சக்தி பாய்ச்சப்படுவதை அறியாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்ச்சாமலே பாய்ச்சியதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு உடல் நடுங்கியது. கோவாவில் பிறந்து பாரிசில் புகழ்பெற்ற பாதிரியார் அபே ஃபாரியாவும் (1756–1819) இதையே வற்புறுத்தினார். செய்பவரிடமிருந்து எதுவும் பாய்வதில்லை, எல்லாம் எதிரே இருப்பவரின் மனத்துக்குள் நடக்கிறது என்றார். அவருக்குப் பணஜியில் ஒரு சிலை இருக்கிறது. அதில் அவர் இரு கைகளையும் விரித்தபடி, சரிந்து கிடக்கும் ஒரு பெண்ணின்மேல் பருந்தைப் போலக் கவிந்து நிற்கிறார். பாவம், மனிதர் வாழ்நாளெல்லாம் எதை மறுத்தாரோ அதையே வெண்கலத்தில் வார்த்துவிட்டார்கள். ஆகவே உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சிற்பிகளும் கூட்டாளிகள்தான்.

அப்படியானால் கையெழுத்து வாங்கவே முடியாதா, கொலை செய்ய வைக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். உங்கள் குழுவும் கேட்டது. மார்ட்டின் ஆர்ன், ஃபிரெடரிக் எவன்ஸ் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆழ்ந்த நிலைக்குப் போனவர்களிடம், நச்சுப் பாம்பைப் பிடி, புகைகிற அமிலத்துக்குள் கையை விட்டு நாணயத்தை எடு, உதவியாளர் முகத்தில் அமிலத்தை வீசு என்றெல்லாம் சொன்னார்கள். யாருக்கும் காயம் படாதபடி ஏற்பாடு இருந்தது, ஆனால் அது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பெரும்பாலோர் செய்துவிட்டார்கள். ‘பார்த்தீர்களா!’ என்று நீங்கள் துள்ளும் முன் மீதியையும் கேளுங்கள். ஹிப்னாடிசம் எதுவும் செய்யப்படாமல், அந்த நிலையில் இருப்பதாக நடிக்க மட்டும் சொல்லப்பட்ட இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் அத்தனை பேரும் செய்தார்கள். ஆராய்ச்சியாளர் நமக்கு ஆபத்து வரவிடமாட்டார் என்று நம்பினோம் என்றார்கள் பிறகு. ஒரு மனிதனைத் தகாததைச் செய்ய வைப்பது அறிவியலாளரின் மேல்கோட்டும் அவர்மேல் வைத்த நம்பிக்கையும்தான், ஆடும் கடிகாரம் அல்ல. உங்களுக்கு உண்மையிலேயே பயங்கரமான கதை வேண்டுமென்றால் அது அங்கேதான் இருக்கிறது. யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் காட்சிகளைப் பார்த்துப் பயந்தவர்கள் வராமல் போகிறார்கள். அது ஒரு பாதி. மறுபாதி, அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணை அழைத்து வந்து, காணாமல் போன நகை எங்கே என்று ‘வரவழைத்து’த் தரச் சொன்ன குடும்பம் உண்டு. அந்தப் பெண் நாற்காலி நுனியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, நீங்கள் இதற்குச் சம்மதிக்கவே வேண்டியதில்லை, சம்மதித்தாலும் நான் செய்யப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினேன். என்மேல் அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை மனத்தாங்கல். கணவருக்கே தெரியாமல் அவரது குடியை நிறுத்தக் கேட்கிறவர்கள், மகளின் காதலை அழித்துத் தரக் கேட்கிறவர்கள் இன்னொரு வரிசை. சம்பந்தப்பட்டவர் விரும்பாமல் எதுவும் நடக்காது என்று சொன்னால், “தொடரில் நடந்ததே” என்கிறார்கள். நான் படித்த படிப்பைவிட உங்கள் அத்தியாயத்துக்கு மதிப்பு அதிகம்.

அந்த அதிகாரம் எனக்கு இருந்திருந்தால் என் வீடு எப்படி இருந்திருக்க வேண்டும்! கணவரின் குறட்டையை நிறுத்த முடியவில்லை. மகன் அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பதில்லை. மகளிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசினால், “அம்மா, அந்தக் குரலில் பேசாதே” என்று முதல் வாக்கியத்திலேயே தடுத்துவிடுவாள். கல்யாண வீடுகளில் உறவினர்கள் என் கழுத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், கண்ணைப் பார்ப்பதில்லை. துணிச்சலான ஒருவர் மட்டும் எப்போதும் வந்து, “எங்கே, என்னைத் தூங்க வையுங்கள் பார்ப்போம்” என்பார். எனக்கே இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை என்பதை அவரிடம் சொல்வதில்லை. பகலில் நிலைமை வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வுகளில் என் குரலைக் கேட்டு நானே சொக்கிவிடாமல் இருப்பதுதான் என் தொழிலின் மிகப்பெரிய ஆபத்து. அதற்காக நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரப் பழகியிருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு. சாட்சியை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, “இன்னும் பின்னால் போங்கள், வண்டியின் எண் தெரிகிறதா?” என்று கேட்க, அவர் எண்ணை ஒப்பிக்கும் காட்சி. உங்களில் பலர் எழுதிவிட்டீர்கள். நினைவு என்பது அலமாரியில் பத்திரமாக இருக்கும் படச்சுருள் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே இதைப் பற்றி அறிக்கை தந்தது. ஹிப்னாடிசத்தில் சொல்லப்படும் நினைவுகள் மற்றவற்றைவிட நம்பகமானவை அல்ல, கற்பனையும் கலந்துவிடுகிறது, ஆனால் சொல்பவரின் உறுதி மட்டும் கூடிவிடுகிறது என்பது அதன் சாரம். தவறான ஒன்றை முழு உறுதியோடு சொல்லும் சாட்சியைவிட ஆபத்தானவர் யார்? “சின்ன வயதில் எனக்கு ஏதோ நடந்திருக்கிறது, உள்ளே போய் எடுத்துத் தாருங்கள்” என்று கேட்டு வருகிறவர்கள் உண்மையான வேதனையோடு வருகிறார்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. முடியும் என்று சொல்லி எதையாவது ‘எடுத்து’க் கொடுப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். அந்தக் கடைகளுக்கு விளம்பரம் செய்வது நீங்கள்.

இப்போது அண்ணன் திரும்பி வருகிறார். பார்க்க வந்தவரே ஆழ்ந்துபோனாரே, அது சிரிப்புக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிகளில் இதற்கென்றே ஒன்று உண்டு. ஹிப்னாடிஸ்ட் தன் செய்முறை வசனத்தை முழுமையாக ஒளிபரப்பக் கூடாது, கேமராவை நேராகப் பார்த்துச் செய்யவும் கூடாது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் பாதிக்கப்படலாம் என்பதால். மேடைக் காட்சிகளை ஒழுங்குபடுத்த அங்கே 1952 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. நீங்கள் எடுத்த காட்சியில் வில்லன் நேராகக் கேமராவைப் பார்த்துத்தான் பேசினான். நல்ல வேளை, அவன் பேசிய வசனம் யாரையும் எங்கும் கொண்டுபோகாது. கொட்டாவி வேண்டுமானால் வரும்.

திரையில் காட்ட ஒன்றும் இல்லை என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு ஆட்படுவார் என்று அளக்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959இல் வெளியான அளவுகோல் ஒன்றில் பன்னிரண்டு சோதனைகள் உண்டு. அவற்றில் ஒன்றில், இல்லாத ஈ ஒன்று சுற்றிப் பறப்பதாகச் சொல்வார்கள். சிலர் கையை வீசி அதை விரட்டுவார்கள். சிலர் ஒரு புன்னகையோடு சும்மா இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. ஒரு சிலருக்கு மிக நன்றாக, ஒரு சிலருக்கு அறவே இல்லாமல், பெரும்பாலோருக்கு நடுவிலே. என்னிடம் வந்தவர்களில் எதற்கும் அசையாமல் உட்கார்ந்து, முடிவில் “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டவர்களும் உண்டு. கை மட்டும் தானாக உயர்வதை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் வியந்து பார்த்தவர்களும் உண்டு. அந்த முகத்தை நெருக்கமாக எடுத்துப் பாருங்கள். பச்சை வெளிச்சம் தேவைப்படாது. 1984இல் பீட்டர் வோர்வெல் குழுவினர் மான்செஸ்டரில், தீராத குடல் எரிச்சல் நோயில் ஹிப்னாடிசம் பயன்பட்டதைச் சோதனை மூலம் காட்டினார்கள். அதன்பின் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையில் அதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஒருவர் நிம்மதியாக ஒரு பயணம் போய் வருவது உங்களுக்குக் கதையாகத் தெரியவில்லையா? எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் கதாசிரியர் அல்ல.

ஆகவே நான் கேட்பவை.

அந்தத் தொடரின் வரும் அத்தியாயங்களிலிருந்தும், இணையத்தில் இருக்கும் பழைய அத்தியாயங்களிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். என் ஆலோசனையை ஏற்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்காத ஆலோசனைக்கு நன்றி சொல்ல உரிமை இல்லை. இனி எந்த மருத்துவரையோ உளவியலாளரையோ கலந்தாலோசித்தாலும், இறுதி வடிவத்தை அவரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே அவர் பெயரைப் போடுங்கள்.

ஹிப்னாடிசத்தால் சொத்தை எழுதி வாங்குவது, கொலை செய்ய வைப்பது போன்ற காட்சிகளை எடுத்தே தீருவீர்கள் என்றால், புகைப்பழக்கத்துக்கு எச்சரிக்கை போடுவதுபோல் இது கற்பனை என்று அந்தக் காட்சியின்போதே ஒரு வரி போடுங்கள். தொடக்கத்தில் யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடும் அறிவிப்பு போதாது. வசனம் கேமராவைப் பார்த்துப் பேசப்பட வேண்டாம்.

சாட்சியின் நினைவைத் தோண்டி எடுக்கும் காட்சியை அறவே விட்டுவிடுங்கள். இதில் மட்டும் பேரம் இல்லை. வேலைக்காரப் பெண்ணையோ குழந்தையையோ அவர்கள் சம்மதமின்றி நாற்காலியில் உட்காரவைக்கும் காட்சியை எழுதினால், ‘முடியாது’ என்று சொல்லும் ஒரு சிகிச்சையாளரையும் எழுதுங்கள். ஒரு வரி வசனம் போதும்.

இந்த வேடத்துக்கு எப்போதாவது ஒரு பெண்ணையும் யோசித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டவராக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருப்பவராக இருந்தால் இன்னும் பொருத்தம்.

கடைசியாக, எழுதுவதற்கு முன் வந்து அந்த நாற்காலியில் ஒருமுறை உட்காருங்கள். கட்டணம் வேண்டாம். காவலுக்கு யாரையாவது அழைத்து வருவதானால் இரண்டு பேராக அழைத்து வாருங்கள், ஒருவராவது விழித்திருக்கட்டும். மதியம் மட்டும் வேண்டாம், காலையில் வாருங்கள்.

இப்படிக்கு,
நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் உளவியலாளர்